சென் வீட்டு மருமகள்

— ரெண்டாயிரத்து அஞ்சூறு வருசப் பேர், சிவமலர்! சம்பந்தி சொல்லச் சொல்ல எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு.

— இஞ்சேருங்கோ, அவை காரில ஏறிப் போன நேரம் தொடக்கம் இதைத்தானே சொல்லுறியள். தேத்தண்ணி ஆறுது.

— ஆறட்டும். சென் எண்டது முதல் சீனாவில ஒரு நாடாம், விளங்குதோ? பக்கத்து ராசா அடிச்சுப் பிடிச்சிட்டான். நாடு போன சனம், நாட்டின்ர பேரையே தங்கட பேராக்கிப் போட்டுதாம்!

— பிறகு தெற்க வந்து, கப்பலேறி, பினாங்கில டான், ஹொங்கொங்கில சான், வியட்நாமில ட்ரான். எல்லாம் அதே பேர்தான், அப்பா. இந்த ஹிஸ்டரியை நான் எத்தினை தரம் சொன்னனான்?

— நீ சொல்லேக்க அது நீ விரும்பின பெடியன் வெய்யின்ர பேர், தர்மிகா. காதில ஏறேல்லை. இனி லண்டனில இந்த ரெய்னர்ஸ் லேன் முழுக்க நான் சொல்லுவன், நாடு போனாலும் பேரை விடாத சனத்துக்குப் பொம்பிளை குடுக்கிறன் எண்டு.

— ஓ மை கோட், அப்பா!

— ஒரு கவலைதான். இந்த வீட்டில எல்லாரும் ஆனந்தராஜா. உங்கட அம்மாவையும் சேத்துத்தான்.

— ஓம், இஞ்சேருங்கோ. என்னையும் சேத்துத்தான்.

— நீ பிறந்த நாளில இருந்து உன்ர பேருக்குப் பின்னால நான் நிக்கிறன், பிள்ளை. கலியாணத்தோட நீ தர்மிகா சென். நான் இறங்கவேண்டியதுதான்.

— ஆர் சொன்னது? வெய்யின்ர அப்பா சாப்பிடேக்க என்னட்டைச் சொன்னவர், தங்கட வழக்கத்தில பொம்பிளையள் தகப்பன்ர பேரை விடுறேல்லையாம். அவற்ற மனுசி இப்பவும் சென் இல்லை, லிம்தான். நீ ஆனந்தராஜாவாவே எங்கட வீட்டுக்கு வா எண்டவர்.

— மெய்யாவோ? கேட்டீரே, சிவமலர்! பெரிய சனம் பெரிய சனம்தான். நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பின்னை என்ன, பெத்து வளத்தவன்ர பேரை ஒரு பொம்பிளைப் பிள்ளை ஏன் விடவேணும்? என்ன நியாயம் அது?

— இஞ்சேருங்கோ.

— என்ன சிவமலர், கண் கலங்குது? சந்தோசமோ?

— சந்தோசம்தான். என்ர அப்பாவும் என்னைப் பெத்து வளத்தவர். கலியாணக் காட் அடிக்கக் குடுக்கேக்க, பொம்பிளையின்ர தாய் சிவமலர் கோபாலகிருஷ்ணன் எண்டு போடச் சொல்லுங்கோ.