ஃபென்னாவின் தையலறையில் பம்புகள்

...இல்லம்மா, நான் சண்டைக்கு வரல. அத மொதல்லயே சொல்லிடுறேன். நீங்க பாட்டுக்கு உங்க படகுக் கைப்பிடிக்குப் பெயின்ட் அடிங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டுப் போறேன். ஆனா மார்லேன், ஒண்ணே ஒண்ணு நியாயமாச் சொல்லுங்க. உங்க படகு வீடு இந்தக் கால்வாய்க்கு வந்த நாள்லேருந்துதானே என் பம்பு நிக்க மாட்டேங்குது?

அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா? வாரத்துக்கு ஒரு தடவ. மழ வலுத்தா ரெண்டு தடவ. வீடுங்குறது படகா இருந்தா அடியில கொஞ்சம் தண்ணி சேரத்தான் செய்யும். பம்பு ‘உர்ர்’னு செத்த நேரம் ஓடும், துப்பும், நின்னுடும். நாங்களும் அத மறந்துடுவோம். இப்போ? கேளுங்க... கேக்குதா? ஆரம்பிச்சுடுச்சு பாருங்க! இப்ப நிக்கும். நின்னு, நீங்க ஒரு காப்பி குடிச்சு முடிக்குறதுக்குள்ள மறுபடியும் உர்ர்.

காப்பியா? சரி, குடுங்க. நீங்களாக் கேட்டதுனால. பிஸ்கட்டும் எடுத்துக்கறேன்... ஒண்ணு போதும், போதும். நீங்கதான் டப்பாவ மூடிட்டீங்களே.

எங்க விட்டேன்? ஆங், ஃபென்னா. என் பொண்டாட்டி ஃபென்னா போயிட்டா.

அடடா, மூஞ்சிய அப்படி வெக்காதீங்க, செத்துப் போகல! அசென் ஊர்ல அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. மூணாவது மாடி. பைய எடுத்துக்கிட்டு கரைக்கு எறங்குற அந்தப் பலகை மேல நின்னு சொல்றா: “வூபோ, என்னிக்கு இந்தப் படகு ஒரு ராத்திரி பூரா சத்தமில்லாமக் கெடக்குதோ, அன்னிக்கு போன் பண்ணு. வரேன். அதுவரைக்கும் நீயும் உன் பம்பும் குடும்பம் நடத்துங்க.” எப்படிப் பேச்சு பாருங்க! இதுல வேடிக்க என்ன தெரியுமா? மூணாவது மாடிக்குத் தண்ணி தானா ஏறுமா? அந்தக் கட்டடத்துக்கு அடியில ஒரு பம்பு இருக்கு, ராவும் பகலும் தண்ணிய மேல தள்ளிட்டு. நான் போய்ப் பாத்தேன். அது கூடத்தான் முனகுது. அவ அக்கா குழாயத் தொறந்தா அது முனகும். ஆனா அந்த முனகல் இவளுக்குக் கேக்காது, என் பம்பு மட்டும் கேக்கும். கல்யாணம் ஆன பம்பு பாருங்க.

சிரிக்காதீங்கம்மா. எனக்கு உள்ள வேகுது.

நான் ராத்திரி வேல, ரொட்டி ஆலையில. ஊரு தூங்கப் போகும்போது நான் சைக்கிள எடுப்பேன். அப்ப அவ தனியா, இந்தத் தகரப் பெட்டிக்குள்ள, தண்ணி மேல. அடுப்புக்கு முன்னாடி நிக்கிறப்ப எனக்கு நெனப்பு பூரா இங்கதான். இப்ப பம்பு நின்னு போச்சுன்னா? தூக்கத்துலயே தண்ணி கட்டில் வரைக்கும் வந்துடுச்சுன்னா? இந்தப் பம்பு சாஸ்திரமெல்லாம் யாரு எனக்குக் கத்துக் குடுத்தா? யாருமில்ல. இந்தப் பயந்தான். பயந்து பயந்து, பகல்ல தூங்காமப் படிச்சது. அவளுக்காகப் படிச்சேன், அவளே போயிட்டா.

அது கெடக்கட்டும். பம்புக்கு என்ன சீக்குன்னு கேட்டீங்கல்ல? கேக்கலியா? சரி, சொல்றேன்.

மொதல்ல மெதவையச் சந்தேகப்பட்டேன். தண்ணி ஏறினா மேல வந்து பம்பப் போட்டு விடும், எறங்கினா அணைக்கும், அந்த மெதவை. புதுசு மாத்தினேன். ம்ஹூம். அப்புறம் வாய்ச் சல்லடை. கழட்டிப் பாத்தா ஃபென்னா தலமுடி, பட்டன், நூலு... தச்சுத் தச்சு எல்லாத்தையும் கீழ விடுவா. சுத்தம் பண்ணேன். ம்ஹூம். உள்ள சுத்துற சக்கரத்துல இறக்க தேஞ்சிருக்கும்னு அதையும் மாத்தினேன். ஒயரு, பேட்டரி, எல்லாம் பாத்தாச்சு. நோயாளிக்குக் குத்தாத ஊசி இல்ல. கடைசில என்ன முடிவுக்கு வந்தேன்? பம்பு சின்னது. பெருசு வேணும்.

பெருசு போட்டேன். பெரிய குழாயும் போட்டேன். என்னாச்சு? பாதி நேரத்துல காலி பண்ணுது, பாதி நேரத்துல மறுபடி நெறையுது! பெரிய பம்பு வந்ததும் தண்ணிக்கும் ரோஷம் வந்துடுச்சு போல.

என்னது?... தண்ணி எங்கேருந்து வருதுன்னா?

நீங்க வெளியூரா? இல்ல, லேவார்டன் ஊருதானா? அப்புறம் என்னம்மா இப்படிக் கேக்குறீங்க! கடல் மட்டத்துக்குக் கீழ குடியிருக்குற ஜனம் நாம. தண்ணி எங்கேருந்து வருதுன்னு நம்ம ஊருல எவனாவது கேட்டிருக்கானா? அது எங்க போகணும்னுதான் கேப்போம். தண்ணி வந்தா பம்பு. இன்னும் வந்தா இன்னும் பெரிய பம்பு. எங்கப்பா அப்படி, அவரோட அப்பா அப்படி. நாட்டையே அப்படித்தான் வெச்சிருக்கோம்.

ஆனா நீங்க கேட்டதுனால சொல்றேன். உங்க படகுலேருந்துதான் வருது. அதான் நான் வந்த விஷயமே!

பெயின்ட் சொட்டுது பாருங்க, பாத்து.

கணக்கு லேசு. உங்களுது எவ்ளோ பெரிய படகு! கான்கிரீட் அடி வேற. இத்தனப் பெரிய உருப்படி கால்வாய்ல உக்காந்தா தண்ணி என்னாகும்? ஏறும். குண்டான ஆளு தொட்டியில எறங்கினா ஏறாது? அப்படி. நான் சும்மா சொல்லல, சாட்சி இருக்கு. அதோ, என் படகோட பின்பக்கம் பாருங்க, உங்க மூக்குக்கு நேரா. நீலப் பெயின்ட் முடியிற கோடு தெரியுதா? தெரியாது! தண்ணிக்குள்ள போயிடுச்சு. போன வருஷம் அந்தக் கோட்டுக்குக் கீழதான் வாத்து நீந்திட்டுப் போகும். தண்ணி வாரியத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு பொண்ணு, ரொம்ப மரியாதையா, “கால்வாய் மட்டம் எப்பவும் போலத்தான் இருக்கு சார்”ங்குது. எப்பவும் போலயாம்! நான் கோட்டையே காணோம்ங்குறேன், அது மட்டம்ங்குது.

என்ன?... உங்க கோடா? உங்க படகுல கோடு இருக்கா? ...இருக்கு. தண்ணிக்கு மேலயே இருக்கு. ம். எதுத்த கரைப் படகுலயும்... அதுலயும் மேலதான் இருக்கு.

அது... அவங்க கோட்ட உசத்திப் போட்டிருப்பாங்க.

இருங்க, இருங்க, அப்படிப் பாக்காதீங்க. என் படகு முன்பக்கம் கோடு தெரியுதுதான். பின்பக்கந்தான் தெரியல. சரி, பின்பக்கம் கொஞ்சம் எறங்கித்தான் இருக்கு. பின்பக்கம் என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. ஃபென்னாவோட தையலறை. தையல் மிஷின் பழைய காலத்து இரும்பு, அது கனந்தான். ஆனா அத அவ அசெனுக்கு எடுத்துட்டுப் போயிட்டா. வேற... வேற என்ன, நம்ம பம்புங்கதான்.

எந்தப் பம்பா! வாங்க காட்டுறேன், சன்னல் வழியாவே தெரியும். அந்தப் பச்சை நெறம், ரெட்டை மோட்டாரு, அது இடிச்ச அடுக்குமாடிலேருந்து வந்தது. பத்து மாடிக்குத் தண்ணி ஏத்தினது! இடிக்கிறவன் குப்பையில போடப் போனான், நான் விடுவேனா? அந்தப் பளபளன்னு இருக்கே, அது பால் ஆலையோடது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி தொடச்சு வெச்சிருக்கேன். சுவரோரமா வரிசையா இருக்குறது லாரி எஞ்சினுக்குத் தண்ணி சுத்தி விடுற பம்பு. சின்னதுன்னு நெனைக்காதீங்க, இது நின்னா எஞ்சின் வெந்து போகும். கழுத்துல ஈரம் கசிஞ்சா சீல் போச்சுன்னு அர்த்தம், தொட்டாலே சொல்லிடுவேன். அதுக்குப் பின்னாடி ஒண்ணு தீயணைப்பு வண்டியோடது. எல்லாம் எதுக்கு? ஒண்ணு போனா இன்னொண்ணு. அது போனா அடுத்தது. ஃபென்னா முழுகக் கூடாது, அவ்ளோதான்.

நடுவுல இருக்குறதா? தார்ப்பாய் போத்தினதா? ஆஹா. அவருதான் ராஜா. வயக்காட்டுப் பக்கம் பள்ளத்துலேருந்து தண்ணிய மேட்டுக்கு எறச்ச பம்பு. பூரா வார்ப்பிரும்பு, டீசல் எஞ்சினோட. அந்த மாதிரி இப்ப எவனும் செய்யறதில்ல. கதவுல நொழையல. கூரையக் கழட்டி கிரேன் வெச்சு எறக்கினோம்.

எப்பவா? உங்களுக்குத் தெரியாதா! நீங்க வந்த அன்னிக்குத்தான். உங்க நடைபாலத்தத் தூக்கி வெக்க கிரேன் வந்துச்சுல்ல? அந்த ஆளுகிட்ட, “அப்படியே இதையும் தூக்கி இங்க வெச்சுட்டுப் போப்பா”ன்னேன். நல்ல மனுஷன், சரின்னுட்டான். அன்னிக்கு ராத்திரிதான் பம்பு...

ம்.

அன்னிக்கு ராத்திரிதான் பம்பு நிக்காம ஓட ஆரம்பிச்சுது.

ஏம்மா எதுக்கு அந்தக் கொக்கிக் கம்ப எடுக்குறீங்க? ஏங்க... அட, அது என் பம்போட குழாயி! சன்னல் வழியா வெளிய தொங்க விட்டிருக்கேன், தண்ணி வெளியேறுற வாயி அதான். மேல கட்டியிருந்தப்ப தண்ணி ‘சளசள’ன்னு விழுதுன்னு ஃபென்னா திட்டினா. அதான் எறக்கிக் கட்டினேன், தண்ணிக்கு மூணு விரக்கடை மேல. ...வாயி எங்க? காணோமே. பின்பக்கம் எறங்கினதுல தண்ணிக்குள்ள போயிடுச்சா? பாசிக்குள்ள... அத ஏன் தூக்குறீங்க?

இது என்ன சத்தம்? ‘களக்’னு?

இருங்க. பேசாதீங்க. நீங்க பேசல, தெரியும், நான்தான். இருங்க... பம்பு ஓடி முடிச்சதும் குழாய் வாயி கால்வாய்க்குள்ள... அப்ப அதே வழில... லாரி டேங்க்ல குழாய விட்டு வாயால உறிஞ்சி டீசல் திருடுவானே, அந்த மாதிரி தண்ணி தானா திரும்பி... உள்ள...

அட கடவுளே. எறச்ச தண்ணிய நானே படக மறுபடி குடிக்க வெச்சிருக்கேனா? இத்தன நாளாவா? பெரிய குழாயி போட்டு வேற!

கட்டுங்க, மேலயே கட்டுங்க. நல்லா இறுக்கி. கயிறு உங்களோடதா? திருப்பிக் குடுத்துடுறேன். ...ஓடுது. ஓடுது. கடைசித் தண்ணி. ...நின்னுடுச்சு.

காப்பி ஆறட்டும், பரவால்ல. இப்படியே நில்லுங்க, கேப்போம்.

...

...

வரல. மார்லேன், சத்தம் வரல! இன்னேரம் ஒரு தடவ ஓடியிருக்கணும். ...வரல. ஹா! எவ்ளோ அமைதி பாத்தீங்களா? அங்க பறவை கத்துறது கூடக் கேக்குது. நான் உங்களப் பத்தி ஏதாச்சும் தப்பாச் சொல்லியிருந்தா... கான்கிரீட்டு அது இதுன்னு... மனசுல வெச்சுக்காதீங்க. நல்ல படகு. அடக்கமான படகு.

என்ன?... பம்புங்கள எடுத்துடணுமா? எல்லாத்தையுமா? எதுக்கும்மா? குழாயத்தான் தூக்கிக் கட்டியாச்சே! அதெல்லாம் அவளுக்காக வாங்கினது. அவ வந்து பாத்து... சரி சரி, அப்புறம் பேசுவோம். மொதல்ல போன். ஒரு ராத்திரி பூரான்னுதான் சொன்னா. ஆனா அவ்ளோ நேரம் எவன் காத்திருக்குறது? இந்த அமைதிய இப்பவே கேக்கட்டும்.

அடிக்குது. எடுக்கல. தையல் மிஷின்ல உக்காந்திருப்பா.

...ஏம்மா, ரொம்ப அமைதியா இல்ல?

இல்ல, நல்லதுதான். ஆனா இவ்ளோ நேரமா... திடீர்னு... ஒருவேள சூடாகிக் கருகிப் போச்சோ? இத்தன நாளு ஓடின பம்பு, நின்னதும் உசுரு விட்டுடும், பாத்திருக்கேன். இப்ப நிஜமாவே தண்ணி வந்தா? இன்னிக்கு ராத்திரி அவ வந்து படுக்குறா, நான் ஆலையில நிக்கிறேன், பம்பு செத்துக் கெடக்குது... உங்க வாளி அதானே? செத்த குடுங்க. இப்படியே என் படகுக்குத் தாவிக்கிறேன். சும்மா ஒரே ஒரு வாளி, கால்வாய்லேருந்து மொண்டு படகு அடியில ஊத்துறேன். உசுரோட இருக்கான்னு மட்டும் பாத்துட்டா... தலைய ஆட்டாதீங்க, ஒண்ணும் ஆகாது! ஒரு வாளிக்கு மெதவை ஏறுமான்னு தெரியல, ரெண்டாவே ஊத்திடுவோம்.

ஊத்தியாச்சு. போதும்னு நெனை... போன் அடிக்குது, அவளே திருப்பிக் கூப்பிடுறா! ஹலோ! ஃபென்னா! நான்தான்! இல்ல, ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன். கண்டுபுடிச்சிட்டேன்! பெரிய கோளாறு, யாராலயும் கண்டுபுடிச்சிருக்க முடியாது. நம்பலியா? இரு, போன அப்படியே உள்ள நீட்டுறேன். நீயே கேளு. கேக்குதா? ஒண்ணுமே கேக்கலல்ல? அதான்! அதான் சொல்றேன், வந்துடு...

உர்ர்...

...அது... ஃபென்னா, அது நம்மளுது இல்ல! பக்கத்துப் படகு! கான்கிரீட்டு, பெரிய படகு, அதுக்கு அடியில என்னென்னமோ... சத்தியமா! இரு, அந்தம்மா இங்கதான் இருக்காங்க, அவங்களே சொல்லுவாங்க. மார்லேன்! ஏம்மா மார்லேன், ஒரு வார்த்த சொல்லுங்களேன், அது உங்க பம்புதான்னு...

மார்லேன்?

பெயின்ட் டப்பாவ வெளியவே வெச்சுட்டு ஏம்மா கதவச் சாத்துறீங்க?