சிவப்புத் துணி கட்டிய குச்சி

மட்டிக் குழம்பு வாசனை எனக்கு ஆகாது, ஐயா. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் அதெல்லாம் சமைப்பதில்லை. அதற்காக, சாப்பிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். முசரவாக்கம் பக்கத்து ஏரியில், மதகு ஓரமாக, ஓட்டில் பச்சைக் கோடு ஓடும் ஒரு மட்டிச் சிப்பியைக் கண்டுபிடித்தேன். வேறெங்கும் பதிவாகாத இனம். ஒரு பாய் விரிக்கிற அளவுச் சேற்றில்தான் மிச்சம் இருந்தது. அங்கேதான் அந்த ஊர்க்காரர் சத்யராஜ் குழம்புக்கு மட்டி எடுப்பார். கரையைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து, குதிகாலால் சேற்றைத் தடவித் தடவி எடுப்பார். நீச்சல் தெரியாது.

"இன்னா சார், துன்ற பொருளுக்குப் போயி பேர் வச்சினு இருக்கீங்க?" என்று சிரித்தார். கெஞ்சினேன். நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். "சரி சார், மதகுக்கு அந்தாண்ட எடுத்துக்கிறேன். ஆனா கோடையில தண்ணி வத்திச்சினா இங்கதான் வரணும். வூட்ல புள்ளைங்க கேக்கும்."

கோடை வந்தால் என் மட்டி போய்விடும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மதகுக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர்கள் மண் எடுத்த குழி இருந்தது. தண்ணீர் மூடிவிட்டதால் பார்த்தால் தெரியாது. ஊர்க்காரர்கள் சிவப்புத் துணி கட்டிய சவுக்குக் குச்சி ஒன்றை நட்டிருந்தார்கள். மட்டி இருக்கும் இடத்தை அடையாளம் செய்ய எனக்கு ஒரு குச்சி தேவைப்பட்டது. அதைப் பிடுங்கி வந்தேன். துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, குச்சியை என் பக்கம் நட்டேன்.

மறுநாள் காலை, சத்யராஜ் சொன்ன சொல் தவறாமல் அந்தாண்ட இறங்கினார்.

"குச்சியக் காணமே, குழிய மூடிட்டாங்களா சார்?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

நான் மட்டியை அளந்துகொண்டிருந்தேன். தலையாட்டினேன். அவர் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அளந்து முடித்த பிறகு ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

சாவு வீட்டில் அவர் மனைவி லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்களாச்சும் ஓடியாந்தீங்களே சார்." அன்றிலிருந்து அந்தக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறேன்.

ஆனால் குச்சிக்காகத்தான் ஐயா எடுத்தேன். வேறு எண்ணம் இல்லை. என் காரில் ஒரு கட்டு மூங்கில் குச்சி இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.