சிவப்பு வைத்த செல்

லேப்டாப் பேட்டரி செத்துவிட்டது என்று மக்கள் தூக்கிப் போடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் ஆறு செல்லில் நான்கு நன்றாகத்தான் இருக்கும். அந்த நான்கைத் தேடி எடுத்து, சின்னச் சின்ன சோலார் விளக்குகளில் பூட்டித்தான் நானும் என் தங்கையும் பதினோரு வருடமாகப் பிழைத்துவந்தோம்.

மேடம், நேற்று வாயால் சொன்னதை என் கைப்பட எழுதச் சொல்லி வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறீர்கள். வேலையிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் தங்கையின் மேசை, சுவரோரம் என்னுடையது. அவளுக்கு முப்பத்து நான்கு வயதாகிறது, ஆனாலும் நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது, எனக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததுவரை எல்லாம் நான்தான்.

தரம் பிரிப்பது பாப்பாவின் வேலை. ஒவ்வொரு செல்லாக மீட்டர் வைத்துப் பார்ப்பாள். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே போய்விட்ட செல்லை மறுபடி உயிர்ப்பிக்கக் கூடாது. சார்ஜ் ஏறும், நல்லதுபோலவே நடிக்கும், ஒருநாள் உள்ளுக்குள்ளேயே சூடாகித் தீப்பிடிக்கும். மற்றவற்றை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, தேதி எழுதிய காகிதத்தைச் சுற்றி, மூன்று வாரம் அலமாரியில் சும்மா வைப்பாள். பிறகு மறுபடி அளப்பாள். வோல்ட் இறங்கியிருந்தால் அதுவும் ஆகாது. ஆகாத செல்லின் தலையில் தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டு மணல் வாளியில் புதைத்துவிடுவாள். மாதம் ஒருமுறை கழிவு எடுப்பவர்கள் வந்து கொண்டுபோவார்கள்.

விளக்காகப் பூட்டுவது என் வேலை. செல்லோடு நகம் அளவுக்கு ஒரு பாதுகாப்பு சர்க்யூட் அட்டையைச் சேர்க்க வேண்டும். நிறைந்த செல்லுக்குள் மேலும் மேலும் சார்ஜ் போகாமல் அதுதான் தடுக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் நான் எழுதிய சீட்டு ஒன்றும் இருக்கும். பேனலை மட்டும் வெயிலில் வையுங்கள், விளக்கு நிழலில் இருக்கட்டும், சார்ஜ் ஏறும்போது படுக்கையிலோ துணியின் மேலோ வைக்காதீர்கள். பதினோரு வருடத்தில் ஒரு கெட்ட செல்கூடக் கை தவறி என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. இந்த வரியை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

கம்பவுண்டர் போன வருடம் வந்தார். தெருமுனை கிளினிக்கில் இரவு வேலை பார்ப்பவர். கரண்ட் போனால் மருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு விளக்கு வாங்கினார். பத்தாம் நாள் சுவிட்ச் உடைந்துவிட்டது என்று வந்தார். அடுத்த வாரம் கைப்பிடி. அதற்கடுத்த வாரம் மறுபடி சுவிட்ச்.

"விளக்கை வச்சு என்னதான் பண்றீங்க? ஆணி அடிக்கிறீங்களா?" என்று பாப்பா கேட்டாள்.

"உடைச்சாத்தானே உள்ள விடறீங்க? சும்மா வந்தா அக்கா வாசல்லயே பேசி அனுப்பிடறாங்க."

பாப்பா சிரித்தாள். அலமாரியில் வரிசையாக இருந்தவற்றைக் காட்டி அவர் என்னவென்று கேட்க, அவள் மூன்று வாரக் கதையைச் சொன்னாள்.

"மனுஷனையும் இப்படித்தான் சோதிப்பீங்களா?"

"ஆமா. மூணு வாரம் இந்தப் பக்கமே வரக் கூடாது. அப்பவும் இறங்காம இருந்தா எடுத்துக்குவோம்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவர் சரியாக இருபத்தோராம் நாள் வந்து அவள் மேசைமேல் சுட்டுவிரலை நீட்டினார். "வச்சுப் பாருங்க. இறங்கல." அவள் மீட்டரின் முனையை அந்த விரலில் வைத்து, மிகுந்த கவனத்தோடு எண்ணைப் படிப்பதுபோலப் பார்த்தாள். நான் என் மேசையில் ஒரு திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேல் இறுக்கிவிட்டதால் மூடி விரிசல் விட்டுவிட்டது.

நல்ல மனிதர்தான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. என் முதுகுவலிக்கு அவராகவே தைலம் கொண்டுவந்து தருவார். பகலில் தூக்கம் வருவதில்லை, மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறேன் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். இந்த மாதிரி விஷயங்களைப் பாப்பாவிடம் சொல்ல வேண்டாம், கவலைப்படுவாள் என்றார்.

பிறகு அவருக்கு வேறு ஊரில் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் ஏழு மணி நேரம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளையும் அழைத்துப்போவதாக ஏற்பாடு.

"நீயும் வந்துடுக்கா. வீடு பெருசுதான்" என்றாள் பாப்பா.

"நான் எதுக்குடி குறுக்க" என்றேன்.

இரண்டாவது முறை கூப்பிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள், ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு.

எனக்கு வேண்டியிருந்தது மிகச் சிறியது. கொஞ்சம் புகை, அவ்வளவுதான். பாப்பா பிரித்த செல்லிலிருந்து புகை வந்தது என்றால் அவர் ஒருமுறை யோசிப்பார். அவளுக்கும் தன்மேல் இருக்கும் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும். இன்னும் சில காலம் அக்காவோடு இருக்கலாம் என்று தோன்றும்.

அவர் அறையில் ஒரே ஜன்னல். பேனலை வெளியே மாட்டிவிட்டு விளக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும்படி நீளமான ஒயர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். மூன்று மீட்டர் ஒயர் வைத்தேன். மணல் வாளியிலிருந்து ஒரு செல்லை எடுத்துத் தலையிலிருந்த சிவப்பைப் பஞ்சால் துடைத்தேன். பாதுகாப்பு அட்டையை வைக்கவில்லை. சீட்டையும் வைக்கவில்லை. கல்யாணப் பரிசு என்பதால் பெட்டிக்கு ரிப்பன் கட்டினேன்.

"அக்கா கையால கொடுத்தது. தலைமாட்டை விட்டு நகராது" என்றார்.

"அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

நான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்குக் கிளினிக்கில் பெருக்கும் அம்மா, கம்பவுண்டர் அறையில் தீ என்று ஓடிவந்தார். அன்று நல்ல வெயில். பாப்பா தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஈர முடியோடு அப்படியே ஓடினாள். பஞ்சு மெத்தை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மாத்திரை போட்டுத் தூங்குபவர் புகைக்கு எழுந்திருக்க மாட்டார் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை என்று எழுத நினைத்தேன். வந்தது. ரிப்பன் கட்டும்போது வந்தது. முடிச்சைப் போட்டு முடித்தேன்.

அடுத்த நாள் பாப்பா மணல் வாளியைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொரு செல்லாக எண்ணினாள். தன் நோட்டில் எழுதியிருந்ததைவிட ஒன்று குறைந்தது.

"அக்கா, நான்தான் மாத்திப் போட்டிருக்கேன். சிவப்பு வைக்க மறந்து நல்லதுல சேத்துட்டேன். நான்தான் அவரை..."

என் மேசையைத் தாண்டித்தான் அந்த விளக்கு போனது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது. "மனுஷின்னா கை தவறத்தான் செய்யும். விடு, பாப்பா" என்றேன். அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். பத்து வயதில் அப்படிப் படுப்பாள். ஜடையைப் பிரித்துச் சிக்கெடுத்துவிட்டேன். இரண்டு மாதம் அப்படித்தான் போனது. அவள் பேசவில்லை, மேசைப் பக்கம் போகவில்லை, ஊட்டினால் சாப்பிட்டாள். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், அவை எனக்கு அமைதியான நாட்கள்.

போன வாரம் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் இங்கே வந்து, தன் கவனக்குறைவால் ஓர் உயிர் போய்விட்டது, தனக்குத் தண்டனை கொடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவளை நீங்கள் உள்ளே வைத்துவிட்டால் வீட்டில் நான் தனியாக இருக்க வேண்டும். அதனால் நேற்று நானே வந்தேன். அவள் பிரித்ததில் ஒரு தப்பும் இல்லை. அந்தச் செல்லுக்கு அவள் சிவப்பு வைத்திருந்தாள். கொன்றது நான்.

நேற்று இரவே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அவள் வீட்டுச் சாவியை உங்கள் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டாள் என்றீர்கள். அதிர்ச்சியில் எங்காவது போயிருப்பாள். இரண்டொரு நாளில் திரும்பிவிடுவாள். வந்தால் சாவியைக் கொடுத்துவிடுங்கள். கைதிகளைப் பார்க்க விடும் நாள் எது, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கொடுங்கள், மேடம். கட்டாயம் வருவாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?