லேஞ்சி போட்ட சீற்

கரண்ட் வரும்வரைக்கும் பேய்க் கதை வேண்டும் என்கிறீர்கள். சரி, மெழுகுதிரியைக் கிட்ட வையுங்கள். மிதுனன், உன் போன் வெளிச்சத்தை அணை. நடுவில் யாராவது வெருட்டினால் நிறுத்திவிடுவேன்.

பின்னேரம் மூன்று மணி... ஓம், பட்டப்பகல்தான். பேய்க்கு என்ன நைற் ஷிப்ற்றா? 2009 மே, லோங் வீக்கெண்ட் திங்கள். கனடாவில், ஸ்காபரோவில் ஆளில்லாத ஒரு வீதி, அதன் கடைசியில் பழைய தியேட்டர். என் சிநேகிதன் சச்சிதானந்தனின் மச்சான் அன்புராசாவுக்கு அங்கே கிளீனிங் வேலை. அவன் மனுசி வேரோனிக்கா ஊரில், சண்டைக்குள் அகப்பட்டு முள்ளிவாய்க்கால் கரையில். அவளை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் சரிவந்தும் வெளியே வர வழியில்லை. கிழமைக் கணக்காகப் போன் இல்லை. சண்டை முடிந்ததென்று அன்று காலைதான் ரேடியோ சொன்னது.

“வீட்டில இருந்தா விசர் பிடிச்சிடும்,” என்று வேலைக்குப் போய்விட்டான், பாவம்.

அன்று ஓடியது ஒரு பழைய பிரெஞ்சுப் படம். பாரிசை ஜெர்மன் ஆமி பிடித்து வைத்திருந்த காலத்தில் எடுத்த காதல் பகிடி. அன்புராசா தும்புத்தடியோடு பின்னால் நின்றான். “வெளியில ஆமி நிக்குது, உவங்கள் காதலிக்கிறாங்கள்!” காதலனின் பொய் மீசை சூப்புக்குள் விழ, இருந்த நாலைந்து கிழவர்களும் சிரித்தார்கள். அடங்கினார்கள்.

பிறகு... ஒரு சிரிப்பு. தனியாக. முடிவில் ஒரு விக்கல்.

அன்புராசா தும்புத்தடியைச் சுவரில் சாத்தினான். வேரோனிக்காவுக்குச் சிரிப்பு எப்போதும் பிந்தித்தான் வரும், விக்கலோடு. யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் முழுச் சனமும் திரும்பிப் பார்க்கும். அவள்தான் முந்தி ஓடிப்போய், முகம் துடைக்கிற நீலக்கரை லேஞ்சியைப் பக்கத்துச் சீற்றில் போட்டு அவனுக்கு இடம் பிடிப்பாள்.

படம் முடிந்தது. சனம் போனது. ஆள் எழும்பினால் தானாக மடிகிற சீற்றுகள் அங்கே. டக்... டக்... எல்லாம் மடிந்துவிட்டன. நடு வரிசையில் இரண்டு மட்டும் மடியவில்லை.

ஒன்று வெறுமை. மற்றதில் நீலக்கரை லேஞ்சி... சொட்டச் சொட்ட ஈரம். மணல். கடல் தண்ணி மணம்.

“இஞ்சாரும்... நான் வந்திட்டன்,” என்றான் அன்புராசா.

லேஞ்சியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தச் சீற்றில் இருந்தான். இருந்ததுதான் தாமதம்... பக்கத்துச் சீற்... மெல்ல... டக்.

மனுசன் அந்த மடிந்த சீற்றைக் கட்டிப்பிடித்துக் குழறினானாம்.

இரண்டு நாள் கழித்து முகாமிலிருந்து அருள்நாயகி என்ற பெண் போன் எடுத்தாள், கரையில் வேரோனிக்காவோடு நின்றவள்.

“ஷெல் பட்டது அண்ணை... நாங்கள்தான் மணலுக்குள்ள தாட்டனாங்கள். இடுப்பில எப்பவும் செருகியிருப்பா எல்லோ, அந்த லேஞ்சியால முகத்தை மூடுவம் எண்டு தேடினனாங்கள்... காணேல்லை அண்ணை.”