நான் தூக்கிக் காட்டிய தகர டப்பா

"படுங்க! எல்லாரும் படுங்க!"

சவரிமுத்து கத்துகிறார். நான் நிற்கிறேன். படகில் நான் ஒருவன்தான் நிற்கிறேன். வலது கை தலைக்கு மேலே இருக்கிறது. கையில் தகர டப்பா.

டக். டக். டக். டக்.

முதல் நான்கும் தண்ணீரில். ஐந்தாவது பலகையில். நான் மர ஆலைக்காரன். ஆணி இறங்கும் சத்தம் தெரியும். மரம் அறுக்கும் வாளின் பல் உடைந்து தெறிக்கும் சத்தம் தெரியும். இது வேறு. ஈரப் பலகையில் கோடாலியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தது போல. அடித்த இடத்தில் வெளிச்சம் வந்தது. ஓட்டை வழியாகக் கடல் தெரிந்தது.

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். பாக்கியம்.

"உக்காருங்க மேஸ்திரி! உக்காருங்க!"

நான் உட்காரவில்லை. விழுந்தேன். டப்பா கையை விட்டுப் போனது. சூரியன் அதில் ஒரு தடவை மின்னியது. பிறகு தண்ணீர்.

செல்வி, கண்ணா. அந்தப் பாக்கியம்தான் உங்கள் அம்மா. அன்றைக்கு அவள் எனக்கு மனைவி இல்லை. அவளுக்கு வேறு கணவர் இருந்தார். எனக்கு வேறு மனைவி இருந்தாள். இன்றும் அவள் என்னை மேஸ்திரி என்று கூப்பிடுவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். அது அந்தப் படகிலிருந்து வந்த பேச்சு. உங்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அறுபத்து நான்காம் வருடம். மாசி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி. காற்று இல்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. அந்தமானின் வடகோடித் தீவைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. தீவு பின்னால் பச்சைக் கோடாகத் தெரிந்தது.

படகில் நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் பர்மாவின் நிரந்தரக் குடிகள்.

நான் இராமநாதபுரம் பக்கம். ஒன்பது வயதில் மாமாவோடு பர்மா போனேன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோதும் அங்கேதான் இருந்தேன். மௌல்மீனில் மர ஆலை. அங்கேயே கல்யாணம். மனைவி பெயர் வள்ளியம்மை. மகள் பெயர் தங்கம். அப்பா சாகக் கிடக்கிறார் என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பி வரலாம் என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். காரியம் முடிந்ததும் எனக்கு மஞ்சள் காமாலை. எழுந்து நடமாடும்போது முத்திரையின் நாள் தாண்டிவிட்டது. அங்கே ராணுவ ஆட்சி வந்துவிட்டது. மனுப் போட்டேன். மறுபடி போட்டேன். பதில் இல்லை.

மற்றவர்களுக்கும் இதே கதைதான். பாக்கியம் மாமியாரின் அஸ்தியை இராமேஸ்வரத்தில் கரைக்க வந்தவள். கணவர் முருகேசனும் இரண்டு வயது மகன் ராஜாவும் ரங்கூனில். சவரிமுத்து தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். பர்மாவின் தெற்கே மெர்கியில் சங்கு குளித்தவர். அவருடைய தாயார் அங்கே. சபாபதி ரங்கூன் தையல்காரர். அவருக்கு அங்கே யாரும் இல்லை.

வரைபடத்தில் அந்தமானுக்கும் பர்மாவுக்கும் நடுவே என் கட்டைவிரல் அகலம்தான். அதை நம்பிக் கப்பல் ஏறினேன். போர்ட் பிளேரில் சாத்தம் மர ஆலையில் வேலை கிடைத்தது. எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டில் ஒரு குடிசை. ஒருநாள் ஆலைக்குப் போகும் ஃபெர்ரியில் யாரோ ஒருவர் காலை மிதித்தவனைப் பர்மியப் பேச்சில் திட்டினார். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தேன். சபாபதி. அவர் வழியாக மற்ற இருவர்.

திட்டம் சின்னது. வடக்கே கோக்கோ தீவு. அது பர்மாவைச் சேர்ந்தது. அங்கே அதிகாரி இருப்பார். புத்தகத்தைக் காட்டுவோம். அரிசி கொண்டுவரும் கப்பலில் நம்மை ரங்கூனுக்கு ஏற்றிவிடுவார். ஒளிந்து போகிற எண்ணம் இல்லை. பகலில் போனோம். சட்டையெல்லாம் துவைத்துப் போட்டுக்கொண்டு போனோம்.

புத்தகம் என்பது பர்மா சர்க்கார் கொடுத்த பதிவுப் புத்தகம். போட்டோ, கைரேகை, நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்ற முத்திரை. அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம். தெருவில் போலீஸ் நிறுத்தினால் வாயைத் திறக்கக் கூடாது. முதலில் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். பேச்சு பிறகு. பதினான்கு வருடம் இப்படித் தூக்கியிருக்கிறேன். தங்கம் சோற்றுக் கரண்டியைத் தூக்கிக் காட்டி அதையே விளையாடுவாள்.

நான்கு புத்தகங்களும் ஒரே பிஸ்கட் டப்பாவில். ஓரத்தில் மெழுகு ஊற்றி அடைத்திருந்தேன். உப்புத் தண்ணீர் படாமல் இருக்க.

அன்று காலை படகில் சிரிப்பு இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

சவரிமுத்து சுக்கானில். "ஏ டெய்லரு, ஒமக்கு அங்க புள்ளையா குட்டியா? எதுக்குவே இந்தக் கடல்ல வாறீரு?"

"என் மெஷின் அங்கல்ல இருக்கு" என்றார் சபாபதி. "பதினேழு வருஷம் மிதிச்சிருக்கேன். வேற எவன் காலும் அதுக்கு ஒத்துக்காது."

"மெஷினுக்குப் பேரு வெச்சிருக்கீங்களா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"வெச்சேன். உங்க பேருதான் வெச்சேன்னு சொன்னா உங்க வீட்டுக்காரர் ரங்கூன்ல என்னை வெட்டுவாரு."

அவள் சிரித்தாள். அப்போதுதான் மோட்டார் சத்தம் கேட்டது. எங்களுடையது இல்லை. கனமான சத்தம்.

சாம்பல் நிறப் படகு. முன்னால் துப்பாக்கி, இரும்புக் காலில் நிறுத்தியது. கொடி இருந்தது. காற்று இல்லாததால் சுருண்டு கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. யாருடைய கொடி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பர்மாவில் உள்நாட்டுச் சண்டை நடந்த காலம். ஆயுதம் கடத்துகிற படகுகள் என்று நினைத்தால் யாரும் யாரையும் சுடுவார்கள். அது எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது நடக்காது என்று நினைத்தோம்.

கூம்புக் குழாயை வாயில் வைத்து ஏதோ கத்தினார்கள். வார்த்தை புரியவில்லை.

"கையத் தூக்காதீங்க. ஆடாம இருங்க" என்றார் சவரிமுத்து.

நான் எழுந்தேன். டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கினேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

தகரம் வெயிலில் மின்னியிருக்கும். அங்கிருந்து பார்த்தவனுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ. சுட்டார்கள்.

பேசாமல் இருந்திருந்தாலும் சுட்டிருப்பார்கள் என்று உங்கள் அம்மா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் தூக்கிய பிறகுதான் சுட்டார்கள். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டாம் தடவை நீளமாகச் சுடுகிறார்கள். சபாபதி எழுந்திருக்கப் பார்க்கிறார். கழுத்தில். சத்தமே இல்லை. என் மடியில் சாய்கிறார். வாயைத் திறந்து மூடுகிறார். இரத்தம் சூடாக இருக்கிறது. என் வேட்டி முழுதும். பிறகு அவர் கனமானார்.

பாக்கியத்தின் முழங்கையில் ஒன்று. எலும்பு வெளியே வந்தது. அம்மாவின் இடது கை நீளாதது பப்பாளி மரத்திலிருந்து விழுந்ததால் என்று உங்களிடம் சொன்னோம். அது பொய்.

சவரிமுத்து படகைத் திருப்பினார். வயிற்றில் பட்டிருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுக்கான். "தண்ணியக் கோருல! மேஸ்திரி! தண்ணியக் கோரு!" நான் ஓட்டையில் என் மேல்துண்டைத் திணித்துவிட்டுச் சட்டியால் கோருகிறேன். தண்ணீர் சிவப்பு. கோருகிறேன். பின்னால் மோட்டார் சத்தம். டக் டக் டக். எங்கள் எஞ்சின் இருமுகிறது. தீவு பெரிதாகிறது. பவளப் பாறை. எங்கள் படகு அதன் மேல் உரசிக்கொண்டு ஏறியது. அவர்களுடையது ஏறாது. வெளியே நின்று சுட்டார்கள்.

கரையில் ஓடினோம். நான் சவரிமுத்துவை இழுத்துக்கொண்டு. பாக்கியம் தன் கையைத் தானே தூக்கிக்கொண்டு. மணல் தெறித்தது. மரப்பட்டை தெறித்தது. பின்னால் படகின் எண்ணெய் பற்றிக்கொண்டது. சபாபதி அதில் இருந்தார். அவரை எடுக்க முடியவில்லை.

மோட்டார் சத்தம் போய்விட்டது. அதன் பிறகு கிளிச் சத்தம்தான்.

சவரிமுத்து மத்தியானம் வரை இருந்தார். தண்ணீர் கேட்டார். வயிற்றில் பட்டவருக்குக் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னது ஞாபகம். கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம். "எங்காத்தாகிட்ட, வந்துக்கிட்டு இருந்தேம்னு சொல்லிரு" என்றார். கையால் மணலைத் தோண்டிப் புதைத்தேன். இரண்டு குச்சியைக் கொடியால் கட்டிச் சிலுவை நட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு மீன்படகு வந்தது. பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் இனத்தார். முன்னால் நின்றவர் எங்களைப் பார்த்துப் பர்மியத்தில் கேட்டார். "பே க லா லே?" எங்கிருந்து வருகிறீர்கள் என்று. அத்தனை வலியிலும் அழாத பாக்கியம் அந்த நான்கு வார்த்தைக்கு அழுதாள்.

போர்ட் பிளேரில் ஒரு ஆபீசில் உட்கார வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். "தும் லோக் கஹாங் கா ஹை? காகஸ் திகாவ்." எந்த ஊர், காகிதத்தைக் காட்டு. என் வலது கை எழுந்தது. அதில் ஒன்றும் இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. உங்கள் அம்மாதான் நல்ல கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு அவளே பதில் சொன்னாள். "பாம்பூஃப்ளாட் கா ஹை, சாப்." பாம்பூஃப்ளாட் ஆட்கள் என்று.

கடிதம் எழுதினோம். எல்லாம் திரும்பி வந்தன. நான் மௌல்மீனுக்கு, அவள் ரங்கூனுக்கு. ஆறு வருடம். ஒருநாள் திரும்பி வந்த என் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடையதும் கையில் இருந்தது. "மேஸ்திரி, ரெண்டு அடுப்பு எதுக்கு?" என்றாள். அவ்வளவுதான் எங்கள் கல்யாணப் பேச்சு.

இழந்தது இவ்வளவு.

சபாபதி. தையல்காரர். உடல் கிடைக்கவில்லை. சவரிமுத்து. வடகோடித் தீவில், கிழக்குக் கரையில், சாய்ந்த புன்னை மரத்துக்கு அருகில். படகு ஒன்று. உங்கள் அம்மாவின் இடது முழங்கை. பதிவுப் புத்தகம் நான்கு. தகர டப்பா ஒன்று.

சவரிமுத்துவின் தாயாருக்கு நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை. இன்னும் சொல்லவில்லை.

அடுத்து வள்ளியம்மை, முருகேசன் என்று எழுதப் போனேன். உங்கள் அம்மா என் கையைப் பிடித்தாள். "செத்தவங்களோட சேக்காதீங்க. தனியா எழுதுங்க."

தனியாக எழுதுகிறேன். வள்ளியம்மை. முருகேசன். தங்கம். நான் கப்பல் ஏறும்போது அவளுக்கு மூன்று வயது. ராஜா. அம்மா கப்பல் ஏறும்போது அவனுக்கு இரண்டு வயது. அவர்கள் போய்விட்டதாக எங்களுக்குச் செய்தி இல்லை.

பள்ளிக்கூடத்தில் உங்களையும் சேர்த்துக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் நீங்கள் இரண்டு பேர் என்று சொல்கிறீர்கள். இனி அப்படிச் சொல்ல வேண்டாம். நான்கு பேர்.