சாட்சி ஏறிய லிஃப்ட்

— ஏறுங்க போர்மேன். ஏன் வாசல்லயே நின்னு முழிக்கறீங்க?

— நீங்க போங்கம்மா, நான் படியில வந்துடறேன். தப்பா நினைக்காதீங்க, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்.

— ஏழு மாடியுமா? இதோ பாருங்க. நாளைக்குத் தொழிலாளர் கோர்ட்டுல நின்னு, "லிஃப்ட் நல்லா இருந்தது, ஆபரேட்டர் வேணும்னே ஓட்ட மறுத்தார்"னு சொல்லப் போறது நீங்க. அவரோட வக்கீல் கேக்கற முதல் கேள்வியே, "அதுல நீங்க ஏறுவீங்களா"ங்கறதுதான். என்ன சொல்வீங்க?

— ஏறுவேன்னு சொல்வேன்.

— அப்ப ஏறுங்க. நான் கூட்டிட்டுப் போற சாட்சி பொய் சொல்லக் கூடாது.

— சரிம்மா. ஏறிட்டேன்.

— ஏதோ சுடுதண்ணியில கால் வச்ச மாதிரி ஏறறீங்களே! கதவை மூடறேன். நானே பட்டனை அழுத்தறேன். மேலே போறதுக்குள்ள ஒரு ஒத்திகை. இப்ப நான்தான் எதிர் வக்கீல். அந்த ஆபரேட்டரை எதுக்கு வேலையை விட்டு எடுத்தாங்க?

— ஓட்டச் சொல்லியும் ஓட்ட மாட்டேன்னு சாவியை மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டார். கீழ்ப்படியாமை.

— அன்னிக்கு லிஃப்ட் எப்படி இருந்தது?

— நல்லா... நல்லாத்தான் இருந்தது.

— அந்த இழுவையை எல்லாம் கோர்ட்டுல இழுக்காதீங்க. பாயிண்டுக்கு வாங்க. எதுக்கு அந்தக் கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?

— சும்மாதாம்மா. பழக்கம்.

— என்ன அது, மேலே யாரோ இரும்பை ராவற மாதிரி?

— அம்மா, நகராதீங்க. அப்படியே நில்லுங்க.

— ஏன் நின்னுடுச்சு? நாலாவது மாடி இப்பத்தானே போச்சு? ஐயையோ, கீழே இறங்குதே! போர்மேன்!

— கம்பியைப் பிடிங்கம்மா! பிடிங்க! ...அப்பாடா. ஒரு சாண் இறங்கி நின்னுக்கிச்சு. மூச்சு விடுங்க. அதிர்ந்து மட்டும் நடந்துடாதீங்க.

— மணியை அடிங்க.

— விரலை எடுக்கவே இல்லம்மா. வெளியில அடிக்குது, கேக்குதே.

— என் போன்ல ஒரு கோடுகூட இல்லை. உங்களோடது?

— அதைக் கீழே சார்ஜுல போட்டுட்டு வந்துட்டேன்.

— நல்லா இருக்கு போங்க. இப்ப உண்மையைச் சொல்லுங்க. வக்கீலா கேக்கலை, உங்களோட மாட்டிக்கிட்ட பொம்பளையா கேக்கறேன். இந்த லிஃப்டுக்கு என்ன?

— பிரேக் கட்டை தேஞ்சு போச்சும்மா. அந்த ஆபரேட்டர் முதல்ல என்கிட்டதான் வந்து சொன்னார். மேலே ஏறிப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம்.

— கண்ணால பார்த்துட்டுமா நல்லா இருக்குன்னு வாக்குமூலம் கொடுத்தீங்க?

— "சொல்லலேன்னா நீயும் அவன் பின்னாலயே வீட்டுக்குப் போ"ன்னார் நிர்வாக அதிகாரி. பொண்ணு படிச்சுக்கிட்டிருக்கா. வயிறுன்னு ஒண்ணு இருக்கே. பயந்துட்டேன்.

— என் தலையில மண்ணை வாரிப் போட்டீங்களே, மனுஷா! பஸ் டிரைவர், நர்ஸ், வாட்ச்மேன்னு எத்தனை பேர் வழக்குல அரசாங்கத்துக்காக நின்னிருக்கேன். என் சாட்சி ஒருத்தர்கூட இதுவரைக்கும் சறுக்கினதில்லை.

— எப்படிம்மா சறுக்குவாங்க? உங்களைக் கண்டாலே எங்களுக்கு உதறல். நீங்க கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தா, செய்யாத தப்பையும் ஒத்துக்கிட்டு ஓடிடலாம்னு இருக்கும்.

— பேச்சை மாத்தாதீங்க. பாயிண்டுக்கு வாங்க. பொய் சொன்னீங்க, சரி. அதுக்கப்புறமாவது கமுக்கமா ரிப்பேர் பண்ணியிருக்கலாமே? மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்னு எவன் கையைப் பிடிச்சான்?

— தப்பா நினைக்காதீங்க...

— நினைக்கலை. சொல்லுங்க!

— நீங்கதாம்மா.

— நானா?

— "வழக்கு முடியற வரைக்கும் லிஃப்டுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது"ன்னு அதிகாரிகிட்ட சொன்னீங்களே. நானும் அங்கதானே நின்னேன்.

— அது வழக்கமா சொல்றதுய்யா! இப்ப சரி பண்ணினா, அப்பவே கெட்டிருந்ததுன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எந்த வக்கீலா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவாங்க. நிஜமாவே கெட்டிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— நீங்க கேக்கவே இல்லையேம்மா. கீழ் அறையிலயே உக்காந்து பேசிட்டுக் கிளம்பிடுவீங்க. இன்னிக்குத்தான் மேலே வரேன்னு... ஐயோ, பிடிங்க! மறுபடியும் இறங்குது!

— ஐயோ! என்னைப் பெத்தவளே!

— நின்னுடுச்சு, நின்னுடுச்சு. கண்ணைத் திறங்க. அழாதீங்கம்மா, நீங்க அழுதா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

— பயமா இருக்கு போர்மேன். ரொம்பப் பயமா இருக்கு. கேளுங்க, வெளியில போய்ச் சேர்ந்தோம்னா நாளைக்கு நீங்க உள்ளது உள்ளபடி சொல்லிடுங்க. அந்த மனுஷன் வேலைக்கு வரட்டும். கேஸ் போனா போகட்டும்.

— நிஜமாத்தான் சொல்றீங்களா?

— உசுரு தொண்டையில நிக்குது. இப்ப போய்ப் பொய் சொல்வேனா?

— அம்மா, மணிச் சத்தம் நின்னுடுச்சு. நான் அழுத்திக்கிட்டேதான் இருக்கேன்.

— யாராவது வந்திருப்பாங்க! வந்துட்டாங்க! இருங்க, இறங்கினதுல ஒரு கோடு வந்திருக்கு, போன் அடிக்குது. நிர்வாக அதிகாரிதான், ஸ்பீக்கர்ல போடறேன். சார்! சார், நாங்க...

— மேடம், மேடம், ஒரு நிமிஷம், நான் சொல்லி முடிச்சிடறேன். மந்திரி மீட்டிங்குக்கு உள்ளே கூப்பிட்டுட்டாங்க, போனை அணைக்கணும்.

— சார், கேளுங்க சார், லிஃப்டு...

— அதேதான், லிஃப்டுதான். உங்க காதுக்கும் வந்துடுச்சா? நான் சொல்லி முடிச்சிடறேன். அது பாட்டுக்கு நடுவுல நின்னு மணி அடிச்சிருக்கு. பியூன் பதறிப்போய்த் தீயணைப்புக்குப் போன் போடப் போனான், நல்ல வேளை தடுத்துட்டேன். அவங்க வந்தா ஊருக்கே தெரிஞ்சுடுமே! "ஒயர் பழசுடா, தானா அடிக்குது, தெரிஞ்சே நம்மாளுங்க யாருடா அதுல ஏறப் போறாங்க"ன்னு சத்தம் போட்டு, அந்த ஒயரையும் அறுத்துவிடச் சொல்லிட்டேன். நாளைக்குச் சாட்சி முடியற வரைக்கும், நீங்க சொன்னபடியே, ஒரு ஈ காக்கா அந்த லிஃப்ட் பக்கம் போகாது. நிம்மதியா இருங்க மேடம். வச்சுடறேன்.