நடராசன் சாரோட ராசியான கம்ப்யூட்டர்

அதான் கேக்குறேன்ம்மா, டிரான்ஸ்பர்னா மனுசன்தானே போவணும்? ஆபீஸ் கம்ப்யூட்டரையுமா தூக்கிக்கிட்டுப் போவாங்க? போயிருக்காரே எங்க நடராசன் சாரு! திருத்துறைப்பூண்டியிலேர்ந்து கூத்தாநல்லூருக்கு, மடியில வச்சு, மேல துண்டப் போத்தி! கேட்டா, "இது ராசியான மெஷினு லின்சி, இதுல அனுப்புன விசா ஒண்ணுகூட திரும்புனதில்ல"ங்கிறாரு. ஆயுத பூசைக்கு அதுக்கு சந்தனம் வச்சாரும்மா, சந்தனம்! ஃபேன் ஓட்டை பூராவும் குங்குமம்!

அய்யய்யோ... பஸ்ஸு நின்னுருச்சே, ரயில் கேட்டு போட்டுட்டானா? போச்சு! நீடாமங்கலம் கேட்டுன்னா சும்மாவா? இஞ்சினைக் கழட்டி, சுத்திக் கொண்டாந்து அந்தப் பக்கம் மாட்டி... அதுக்குள்ள என் வேலையே போயிரும். பன்னெண்டு மணிக்குள்ள அந்த மெஷினு ஓடலைன்னா நாளையிலேர்ந்து வரவேணாம்னு எங்க எம்.டி. சொல்லிட்டாரு. மணி என்னம்மா? பதினொண்ணேகாலா! பையக் கீழ வைங்களேன், எவ்ளோ நேரம் மடியிலயே... வேணாமா, சரி சரி.

எங்களுது வெளிநாட்டுக்கு விசா, டிக்கெட்டு போட்டுக் குடுக்குற கம்பெனி. டெல்டா பூரா பதினாலு கிளை. அம்புட்டுக் கம்ப்யூட்டரும் தஞ்சாவூர்ல என் ஒருத்தி கையில. அதுக்குன்னே ஒரு பெரிய சாஃப்ட்வேர் இருக்கு. அங்க உக்காந்து ஒரு பட்டனத் தட்டுனேன்னா, பதினாலு ஊரு மெஷினும் பழச அழிச்சிட்டு எல்லாத்தையும் புதுசா ஏத்திக்கும். ஆனா அது மட்டும் போதுமா? டிரைவர் வேணும். டிரைவர்னா குட்டிக் குட்டி புரோகிராம்மா. நெட்டுக்கு ஒண்ணு, ஸ்கேனருக்கு ஒண்ணு, சத்தத்துக்கு ஒண்ணு... மெஷினு மாடலுக்கு மாடல் மாறும். மாத்திக் குடுத்தோம்னா, எங்க நாத்தனாரு மாதிரி யாருகூடவும் பேசாம மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஒக்காந்திரும்.

சனிக்கெழம சாயங்காலம் பட்டனத் தட்டுனேன். திங்கக்கெழம பதிமூணு ஊரும் ஜோரா ஓடுது. கூத்தாநல்லூர்ல நடராசன் சார் மெஷினுக்கு மட்டும் நெட்டே வரல. அங்க விசா ஃபாரம் எல்லாம் போறது அந்த ஒத்த மெஷின்லதான்! நெட்டு இருந்தாத்தானேம்மா நான் தஞ்சாவூர்லேர்ந்தே உள்ள பூந்து சரிபண்ண முடியும்? ரெண்டு நாளா போன்லயே, "சார், அத அமுக்குங்க... இல்ல சார், பக்கத்துல இருக்குறத அமுக்குங்க..." அந்த மனுசன் ஒவ்வொரு தடவையும் சாமி கும்பிட்டுட்டு அமுக்குறாரு! கடைசியில இந்தா, சரியான டிரைவர இந்தப் பென்டிரைவ்ல போட்டுக்கிட்டு ஓடுறேன். அம்மாம்பெரிய சாஃப்ட்வேர வாங்கி வச்சிக்கிட்டு, நான் டவுன் பஸ் மாறி மாறி எடுத்துக்கிட்டுப் போறேன் பாருங்க!

நடராசன் சாரக்கூட விடுங்க. இந்த ஆன்டோ இருக்கான் பாருங்க, எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவன். சிங்கப்பூர்ல வேலை கெடைச்சிச்சின்னு ஒரு நோட்டக் கையில குடுத்துட்டு பிளேன் ஏறிட்டான். உள்ள பாத்தா எல்லாம் நம்பரு! டிரைவர எல்லாம் மாடல் நம்பர் வாரியா ஃபோல்டர் போட்டு அடுக்கி வச்சிருக்கான். சாஃப்ட்வேரே மெஷினோட மாடல் நம்பரப் படிச்சு, அந்த நம்பர் ஃபோல்டர எடுத்துக்குமாம். மெஷினு எந்த ஊருக்குப் போனாலும்...

ம்... எந்த ஊருக்குப் போனாலும் சரியாத்தான் எடுத்திருக்கும்.

ஆமாம்மா. அவன் ஒழுங்காத்தான் வச்சிருந்தான். எனக்குத்தான் நம்பர் மனசுல நிக்காது. எங்க தெருவுல கதவு நம்பர யாரு பாக்குறா? அடைக்கலராஜ் வாத்தியார் வீட்டுக்கு எதுத்த வீடுன்னு சொன்னாத்தான் போஸ்ட்மேனுக்கே தெரியும். அதனால நான் எல்லாத்தையும் கலைச்சு, ஊரு பேருல புதுசா அடுக்குனேன். மன்னார்குடி, கூத்தாநல்லூரு... எங்க ஆபீஸ் அம்சம் அக்கா மெஷினுக்கு அம்சம் அக்கான்னே ஒரு ஃபோல்டர்! பாக்க எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா! கூத்தாநல்லூர்ல இருக்குற மெஷினுக்கெல்லாம் கூத்தாநல்லூர் டிரைவரு. அங்க திருத்துறைப்பூண்டி மெஷினு போயி ஒக்காந்திருக்கும்னு நான் கண்டனா?

நடராசன் சாரு சொல்லலையான்னு கேக்குறீங்களா... சொன்னாரு. மெயில் போட்டிருந்தாரு. மேல பெரிய தாமரைப் பூப் படம் இருந்துச்சும்மா, ஏதோ பண்டிகை வாழ்த்துன்னு நெனச்சு நான் தொறக்கவே இல்ல.

எம்.டி.கிட்டயா? ஆன்டோ பண்ணி வச்ச கோளாறுன்னு சொல்லிட்டேன். சிங்கப்பூர்ல இருக்குறவன் வந்து கேக்கவா போறான்? பாவந்தான். மாதா கோயில்ல ஒரே பாட்டுக் கொயர்ல பாடுனவங்க நாங்க. நேத்துலேர்ந்து சோறு எறங்கலம்மா எனக்கு, நெசமாத்தான்.

ஆமா... அந்தப் பையில துருத்திக்கிட்டு இருக்கிறது எங்க கம்பெனி கவருல்ல? காட்டுங்க. சைத்தூன் பீவி... மலேசியா... மகளுக்குப் பிரசவமா? எப்போ? அடுத்த வாரமா! இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஃபாரம் போவலைன்னா டிக்கெட்டுத் தேதி போயிருமா? அடக் கர்த்தரே! திங்கக்கெழமயும் போனீங்களா? நேத்தும் போயி நின்னீங்களா? மெட்ராஸ்ல சர்வர் ரிப்பேருன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்களா...

அதுவும் நான் சொல்லச் சொன்னதுதாங்கம்மா.

அப்படிப் பாக்காதீங்கம்மா. திட்டிருங்க, நல்லா வஞ்சிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். எந்திரிச்சு எங்க போறீங்க? கேட்டு இன்னும் தொறக்கலயே. நடந்து அந்தப் பக்கம் போயிட்டா வேற பஸ்ஸு நிக்கிதா? சரிம்மா, நீங்க போயிருவீங்க, அங்க போயி என்ன பண்ணுவீங்க? பென்டிரைவ் எங்கிட்டல்ல இருக்கு...

அம்மா! கைய விடுங்கம்மா! வர்றேன்... வர்றேங்கிறேன்ல, செருப்ப மாட்டிக்கிறேன் இருங்கம்மா!